எழுந்து நின்ற அடுப்பு

ஐம்பது, அறுபது வருடத்து வீடு ஒன்றின் சமையலறையைப் புதுப்பிக்கக் கொத்தனார் உளியை வைத்ததும் சுவர் தன் வயதைச் சொல்லத் தொடங்கிவிடும். பூப்போட்ட டைல்ஸ் முதலில் பெயர்ந்து விழும். அதன் பின்னால் பழைய வெள்ளை டைல்ஸ். அதையும் எடுத்தால் டிஸ்டெம்பர், அதற்குள் பல பொங்கல்களின் சுண்ணாம்பு, அந்தச் சுண்ணாம்பின் ஏடுகளுக்கு நடுவே எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகிப்போன கரி. தரையை வெட்டினால் மொசைக் வரும், சில வீடுகளில் சிவப்புத் தரை வரும். ஒரு மூலையில் சிமெண்ட் வைத்து அடைத்த வட்டப் பள்ளம் ஒன்றும் இருக்கும். ஆட்டுக்கல் பதித்திருந்த இடம் அது.

இன்று சமையலறையை மாற்றிக் கட்ட நினைக்கும் குடும்பங்கள் கடைக்காரரிடம் அதிகம் கேட்பது ஒன்றுக்கொன்று எடுப்பாகத் தெரியும் பொருள்களைத்தான். மேலலமாரிக்கு வெளிர் நிறம், கீழலமாரிக்கு அடர் நிறம், கறுப்பு கிரானைட்டுக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ், தரையில் ஒரு வரிசை ஆத்தங்குடிக் கல், எங்காவது ஓர் இடத்தில் பழைய தேக்கு. இது நேற்று வந்த மோகம்போலத் தோன்றும். ஆனால் தமிழ் வீட்டு அடுப்படி ஒரே பொருளால் ஆனதாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நெருப்பு படும் இடத்துக்கு ஒன்று, தண்ணீர் ஓடும் இடத்துக்கு ஒன்று, புளி சிந்தும் இடத்துக்கு ஒன்று என்று பொருளைப் பிரித்துத்தான் நம் பெண்களும் கொத்தனார்களும் அதைக் கட்டி வந்திருக்கிறார்கள். இரண்டு பொருள்கள் சந்திக்கும் கோட்டில் ஒரு வேலை முடிந்து இன்னொரு வேலை தொடங்கியது. அழகு அந்தக் கோட்டின் மேல் பிறகு வந்து உட்கார்ந்தது.

சங்கப் பாடல்களிலேயே அடுப்பு இருக்கிறது. பெருந்தலைச் சாத்தனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கிறது. வறுமையைச் சொல்லப் புலவருக்கு அந்த ஒரு காட்சி போதுமாக இருந்தது. கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாடலில் புதிதாகக் குடித்தனம் வந்த பெண் தாளிக்கும்போது எழும் புகை அவள் மை தீட்டிய கண்ணில் படுகிறது. கணவன் சாப்பாட்டை ரசிப்பதை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் புகையையும் யாராவது சொல்ல வேண்டும். அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு இந்த நாட்டுப் பெண்களின் கண்ணை விட்டு அது போகவே இல்லை.

மண் அடுப்பு வீட்டுப் பெண்களே போட்டது. களிமண்ணோடு உமியோ நறுக்கிய வைக்கோலோ சேர்த்துப் பிசைந்து, பானை உட்கார மூன்று குமிழ் வைத்து, நிழலில் உலர்த்துவார்கள். கொடியடுப்பு என்றால் பெரிய வாயில் எரியும் நெருப்பின் மிச்சச் சூடு பக்கத்து வாய்க்கும் போகும். சோறு இங்கே கொதிக்கும்போது ரசம் அங்கே நுரை கட்டி நிற்கும். ஒரு விறகில் இரண்டு வேலை. காலையில் சாம்பலை வழித்து, சாணம் போட்டு மெழுகி, ஈரம் காய்வதற்குள் அரிசி மாவில் இரண்டு இழை கோலம் இழுப்பார்கள். கரிய மண்ணின் மேல் அந்த வெள்ளைக் கோடு பார்வைக்கு அழகு. மெழுகாத இடமும் விரிசல் விட்ட இடமும் உடனே கண்ணில் படும் என்பது அதன் பயன். அந்த அடுப்படியில் புதுப்பிக்கும் வேலை தினமும் நடந்தது.

எல்லா வேலையும் உட்கார்ந்துதான். அரிவாள்மணை தரையில், அம்மி தரையில், ஆட்டுக்கல் பாதி தரைக்குள். தலைக்கு மேல் உறி, அடுப்புக்கு நேர் மேலே பரண். பரணில் விதைக் கதிர்களும் சுரைக்குடுக்கையும் புளியும் புகை குடித்துக்கொண்டு கிடக்கும், பூச்சி அண்டாது. புகைக்கு அப்படி ஒரு வேலை இருந்தது. அது வெளியேறவும் வழி இருந்தது. கீற்றுக் கூரையானால் கீற்றின் இடுக்கு. ஓட்டு வீடானால் ஓட்டின் இடுக்கு. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு தென்னிந்தியா முழுக்கப் பரவிய சீமை ஓட்டிலும் சந்து இருந்தது. வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு பதித்துவிட்டால் மதிய வேளையில் அதன் வழியே இறங்கும் ஒளிக்கற்றையில் புகை மெல்லச் சுழன்று மேலேறுவதைப் பார்க்கலாம்.

கான்கிரீட் கூரை வந்ததும் அந்த வழி அடைபட்டது. நவீன வீடு கட்டிக்கொண்ட குடும்பம் பழைய விறகடுப்பை அதற்குள் கொண்டுபோய் வைத்தது. கூரையின் அடிப்பாகம் இரண்டே வருடத்தில் கறுத்தது. அடுப்புக்கு மேல் கூண்டு கட்டிப் புகைபோக்கி எழுப்பும் வழக்கம் அதனால்தான் பரவியது. இன்றைக்கும் சிறு நகரங்களின் பழைய மாடி வீடுகளில் மொட்டை மாடியில் யாருக்கும் பயன்படாமல் நிற்கும் சதுரக் கூண்டுகள் அந்தக் காலத்தின் எச்சம்.

புகையை எதிர்த்து அக்கறையோடு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் புகை குறைந்த அடுப்பு ஒன்றை உருவாக்கியது. ஹைதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எஸ்.பி. ராஜு, மூடிய மண் அடுப்போடு புகைக்குழாயை இணைக்கும் முறையை விளக்கி எழுதிய நூல் 1953-ல் சென்னையில் அச்சானது. 1983-ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்கென்றே தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தியது. ஊருக்கு ஊர் புகையில்லா அடுப்புகள் கட்டப்பட்டன. குழாயில் கரி அடைத்ததும் பல வீடுகளில் அதை விட்டுவிட்டுப் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். குழாயை யார் துடைப்பது, எப்போது துடைப்பது என்பதைத் திட்டம் போட்டவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை. சமையலறைக்கு வெளியே இருந்துகொண்டு சமையலறையைத் திருத்தும்போது இப்படித்தான் ஆகிறது.

நகரத்து வாடகைக் குடித்தனங்களுக்கு வேறு வழிகள் இருந்தன. கரி போட்டு ஊதும் இரும்புக் குமுட்டி, பம்பு ஸ்டவ், திரி ஸ்டவ். இவற்றுள் மரத்தூள் அடுப்பு கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. வாளி போன்ற தகரப் பாத்திரம், பக்கவாட்டில் அடியை ஒட்டி ஒரு துளை. நடுவில் ஒரு பாட்டிலை நிற்க வைத்து, துளை வழியாக ஒரு கட்டையைச் செருகி அதைப் பாட்டிலோடு முட்ட விட வேண்டும். சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டிக் கைமுட்டியால் இடித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலைத் திருகித் திருகி மேலே உருவி, கட்டையையும் வெளியே இழுத்தால் காற்றுப் போக ஒரு வளைந்த பாதை கிடைக்கும். தூள் தளர்வாக இருந்தால் சரிந்து அணைந்துவிடும். பதமாக இறுகியிருந்தால் உள்பக்கமிருந்து மெல்ல எரிந்து ஒரு வேளைச் சமையலை முழுக்க முடித்துக் கொடுக்கும். மரக்கடையில் வீணாகும் தூளைச் சாக்கில் வாங்கி வந்து அந்தத் தலைமுறை செய்த சிக்கனம் அது.

இவை எல்லாமே தரையில் இருந்தவை. நின்று சமைப்பது நாட்டுக்கே தெரியாத சங்கதி என்றும் சொல்ல முடியாது. வெள்ளையர் பங்களாக்களில் வீட்டை விட்டுத் தள்ளி, பின்பக்கத்தில் கட்டிய சமையல்கட்டில் செங்கல் மேடை மேல் வரிசையாக அடுப்புகள் இருந்தன. கர்னல் கென்னி ஹெர்பர்ட் மதராஸ் துரைசானிகளுக்காக எழுதி 1878-ல் வெளிவந்த சமையல் நூலில் இந்தியச் சமையலறைகளின் நிலையைப் பற்றி ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ஆனால் அந்த மேடையில் நின்றவர் சம்பளத்துக்கு வந்த சமையற்காரர். ஊர் வீடுகளுக்குள் அந்த வழக்கம் இறங்கவில்லை.

அடுப்பைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியது கேஸ். 1965 அக்டோபரில் கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு கொடுக்கப்பட்டது. அதன் பிறகு மெல்ல மெல்ல மற்ற நகரங்களுக்கும் பரவியது. 1970களிலும் 80களிலும் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். எம்.பி. கோட்டாவில் கடிதம் வாங்க அலைந்தவர்களும் உண்டு. கேஸ் அடுப்புக்கு ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. சிலிண்டர் நிற்கும் மட்டத்தைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அது உட்காரும் மேடை தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ரெகுலேட்டரோடு சேர்ந்து இரண்டு அடிக்கும் மேல் உயரம் வரும். அது மேடைக்கு அடியில் நிற்க வேண்டுமானால் மேடை இரண்டரை அடிக்குக் குறைய முடியாது. இந்தக் கணக்கு ஒரு தலைமுறைப் பெண்களைத் தரையிலிருந்து எழுப்பி நிற்க வைத்தது. அரிவாள்மணை போய்க் கத்தியும் பலகையும் வந்தன. சமைத்துக்கொண்டே கூடத்தில் இருப்பவரோடு நேருக்கு நேர் பேச முடிந்தது.

தரையை விட்டு மற்ற வேலைகளும் கிளம்பின. 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார். பிற்பாடு கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குழவி நிற்க, கல் சுழன்றது. ஆட்டுக்கல்லுக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்து மாவு தள்ளிய கைக்கு ஓய்வு கிடைத்தது. பிறகு மிக்சி. 2006-க்குப் பின் ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாக் கேஸ் அடுப்பும், 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அரசே கொடுத்ததில், மேடையும் அதன் அருகே ஒரு பிளக் பாயிண்டும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு வரைக்கும் போயின. இலவசம் என்று ஏளனம் செய்தவர்களில் பெரும்பாலோர் ஆட்டுக்கல் முன் உட்கார்ந்து இரண்டு படி அரிசி அரைத்திருக்க மாட்டார்கள்.

மேடை வந்தது சரி, அதற்கு எந்தக் கல்?

முதலில் கைகொடுத்தது கடப்பா. ஆந்திரத்தின் கடப்பா, கர்னூல் பக்கத்துப் பூமியில் ஏடு ஏடாகப் படிந்த சுண்ணாம்புப் பாறை அது. அறுக்க வேண்டாம், ஆப்பு வைத்துத் தட்டினாலே பலகை பலகையாகப் பிரியும். அதனால் விலை மலிவு. இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே கடப்பாக் கல்லைப் போட்டால் மேடை. சுவரில் காடி வெட்டிச் செருகினால் ஷெல்ஃப். குறுக்கே நிறுத்தினால் தடுப்பு. 1960களிலிருந்து 90கள் வரை நடுத்தரத் தமிழ் வீடுகளின் சமையலறை என்றால் இந்தக் கருநீலக் கல்தான். கரையான் அரிக்காது, ஈரத்தில் ஊறாது, எவ்வளவு கனமான தூக்குவாளியையும் தாங்கும். குறை ஒன்று உண்டு. சுண்ணாம்புக் கல் புளிப்பைத் தாங்காது. எலுமிச்சை பிழிந்த இடமும் புளிக் கரைசல் சிந்திய இடமும் வெளுத்துத் திட்டுத் திட்டாக நிற்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் இரண்டு நாள் கறுப்பாக இருக்கும், மறுபடி வெளுக்கும். புளி இல்லாமல் ஒரு நாளும் நகராத சமையலுக்கு இது நிரந்தரச் சண்டையாகவே இருந்தது.

அந்த மேடைக்கு ஜோடி சிவப்புத் தரை. சிமெண்டோடு காவிப் பொடியைச் சேர்த்து, தளத்தின் மேல் மெல்லிய பூச்சாக இழுத்து, அது இறுகும் பதம் பார்த்து இரும்புக் கரணையால் திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பார்டர். கறுப்பு ஓரம் கண்ணுக்கு எடுப்பாக இருந்தது, சுவரை ஒட்டிச் சேரும் அழுக்கையும் துடைப்பத்தின் ஈரக் கோட்டையும் அதுவே ஏற்றுக்கொண்டது. நல்ல கைக்காரர் போட்ட தரை நாற்பது வருடம் கழிந்தும் முகம் தெரியும் அளவுக்கு மின்னும். விரிசல் விட்டால் மட்டும் வினை. ஒட்டுப் போட்ட இடம் பழைய நிறத்தோடு ஒருநாளும் சேராது. சமையலறையைப் புதுப்பிக்கிறவர்கள் இந்தத் தரையை உடைக்கச் சொல்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அப்படி ஒரு தரையைப் போடத் தெரிந்த கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஆத்திரப்பட்டு உடைத்தால் திரும்பப் பெற முடியாத வேலைப்பாடு அது.

கடப்பாவை வீழ்த்தியது கிரானைட். புளி அதை ஒன்றும் செய்யாது, சூடான குக்கரை நேரே இறக்கலாம். தமிழ்நாட்டின் பாறைகளில் பல 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. கோயில் கட்டியதும் அதே இனத்துக் கல்தான். ஆனால் கல்லைப் பலகையாக அறுத்துக் கண்ணாடி மெருகேற்றும் இயந்திரங்கள் வந்து, கட்டுப்படியாகும் விலைக்கு அது வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தது 80களுக்குப் பிறகுதான். சந்தையில் கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுவது புவியியல்படி பெரும்பாலும் டோலரைட், அதாவது பூமிக்குள் பிளவுகளில் புகுந்து உறைந்த பாறைக் குழம்பு. கிருஷ்ணகிரிப் பக்கமும் திண்டிவனத்தை அடுத்த குன்னம் பக்கமும் எடுக்கப்பட்ட கறுப்புக் கல்லுக்கு வெளிநாடுகளில் கிராக்கி இருந்தது. கல்லறைகளுக்காக ஜப்பானியரும் ஜெர்மானியரும் வாங்கினார்கள். அந்த மதிப்பைக் கண்டு 1977 டிசம்பரில் தமிழ்நாடு அரசு கறுப்பு கிரானைட் குத்தகையைத் தனியாருக்குத் தருவதற்குத் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1981-ல் அரசின் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

கல்லின் கதையில் ஒரு புண்ணும் இருக்கிறது. மதுரை மேலூர் வட்டாரத்து வெளிர் நிற கிரானைட்டுக்காகக் குன்றுகளும் கண்மாய்களும் வயல்களும் எப்படி அறுக்கப்பட்டன என்பது 2012-ல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு எழுதிய அறிக்கையால் வெளியே தெரிந்தது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது, அடுத்த ஆண்டு அவர் அறிக்கை கொடுத்தார். தமிழ் பிராமி எழுத்துகளும் சமணப் படுக்கைகளும் உள்ள கீழவளவுக் குன்றுக்கு அருகிலேயே குவாரிகள் வந்துவிட்டிருந்தன. அதே வட்டாரத்து அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, மலையைக் காக்க ஊர்க்காரர்கள் நெடுநாள் போராடியதன் பலன். மேடைக்குக் கல் தேர்ந்தெடுக்கிற குடும்பம் கடைக்காரரிடம் நிறத்தையும் விலையையும் கேட்பதோடு, எந்த ஊர்க் கல் என்றும் கேட்டால் நல்லது. பழைய மேடையை இடிக்கும்போது கிடைக்கும் கல்லை மறுபடி அறுத்து மெருகேற்றிப் போடலாம். பாறைக்கு முதுமை கிடையாது.

கறுப்பு மேடைக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் ஒட்டும் பழக்கமும் வேலையில் பிறந்ததே. மேடைக்கு மேல் இரண்டடி உயரம் வரைதான் தாளிப்புத் தெறிக்கும், சிங்க்கில் தண்ணீர் அடிக்கும். சுண்ணாம்புச் சுவரில் படிந்த மஞ்சள் கறை எந்தத் தேய்ப்புக்கும் போகாது. மெருகிட்ட டைல்ஸில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அந்த இரண்டடிப் பட்டையைக் கொத்தனார்கள் டாடோ என்பார்கள். இப்போது விட்டம் வரை டைல்ஸ் ஒட்டுகிறார்கள். சுவர் மூச்சுவிட அதில் இடம் இல்லை.

வேலைக்கேற்பப் பொருளைப் பிரிப்பது என்ற யோசனையை உலகத்திலேயே மிக நுணுக்கமாகச் செய்து காட்டியவர் ஒரு பெண். மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரம் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியபோது, 1926-ல் அவர் வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் அவ்வளவு சிறிய இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து, நடக்கும் அடிகளைக் கூட எண்ணி வரைந்தார். மாவு வைக்கும் இழுப்பறைக்கு ஓக் மரம், ஏனென்றால் அதிலிருக்கும் துவர்ப்புக்குப் புழு வராது. வெட்டும் இடத்துக்கு பீச் மரம், வேலை மேடைக்கு லினோலியம், பருப்புக்கும் சர்க்கரைக்கும் மூக்கு வைத்த அலுமினிய டப்பாக்கள். மரப் பலகைக்கு நீலம் கலந்த பச்சை பூசினார், அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அன்று நம்பினார்கள். நாஜிகளை எதிர்த்ததற்காகப் பின்னாளில் சிறைப்பட்டு, 2000-ல் 102 வயதில் இறந்த அந்த அம்மையார், அதை வரைந்த காலத்தில் தாம் சமைத்துப் பழகியதில்லை என்று பின்னர் ஒளிக்காமல் சொன்னார்.

1990களுக்குப் பின் சென்னையிலும் கோவையிலும் கடை விரித்த மாடுலர் கிச்சன் இந்த ஃபிராங்ஃபர்ட் அறையின் வழித்தோன்றல். அளவெடுத்து, தொழிற்சாலையில் செய்து, ஒரே நாளில் பொருத்திவிட்டுப் போவார்கள். இரட்டை நிற மைக்கா அலமாரிகளும் சத்தமில்லாமல் மூடும் இழுப்பறைகளும் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஜெர்மன் அறை தனியாளாக நின்று சமைக்கும் ஒரு பெண்ணுக்காக வரையப்பட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் ஒருவர் முறுக்குப் பிழிய, ஒருவர் எண்ணெய்ச் சட்டி பார்க்க, ஒருவர் பாகு கிண்டும் வீட்டுக்கு அந்த இடுக்கு போதாது. பொருள் விஷயமும் அப்படியே. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, தரை கழுவி விடும் பழக்கமுள்ள வீட்டில் அடியிலிருந்து உப்பிக்கொண்டு வரும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். இதைக் கண்டுகொண்ட உள்ளூர்க் கொத்தனார்கள் அலமாரியின் கூட்டை ஃபெர்ரோ சிமெண்ட் பலகையில் கட்டிவிட்டு, கதவை மட்டும் மரத்திலோ மைக்கா ஒட்டிய பிளைவுட்டிலோ போடுகிறார்கள். கரையானும் தண்ணீரும் நெருங்காத உடம்பு, விருப்பப்பட்டபோது மாற்றிக்கொள்ளும் முகம். கடப்பாத் தடுப்பு செய்த வேலையை இன்று அது செய்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத இந்த ஏற்பாடு இறக்குமதிச் சரக்கைவிட நம் வீட்டுக்குப் பொருத்தமானது.

செட்டிநாட்டுப் பக்கம் போனால் பொருள்களின் வரிசை இன்னும் தெளிவாகத் தெரியும். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் பெரும்பாலும் முகப்பிலும் முற்றம் சூழ்ந்த வளவிலும் நின்றுவிடும். கட்டுகளைத் தாண்டி உள்ளே போகப் போக அலங்காரம் குறையும். கடைசிக் கட்டில் இருக்கும் அடுப்படிக்குக் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் போதும் என்று வைத்தார்கள். வீட்டின் செல்வம் விருந்தினர் கண்ணுக்கு. ஊரையே அழைத்துச் சாப்பாடு போட்ட அறைக்கு அதில் பங்கு குறைவு. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதோடு அங்கே தொழில் நடத்திய செட்டியார்களின் வருமானம் அடிபட்டு, பின்னாளில் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அந்தத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. இன்று சென்னை அடுக்ககத்தில் ஒரு சமையலறையின் திறந்த தட்டாகவோ அலமாரிக் கதவாகவோ அந்தத் தேக்கு முளைக்கிறது. அன்று வளவைத் தாண்டாத மரம் இன்று அடுப்புக்கு எதிரே நிற்கிறது.

ஆத்தங்குடிக் கல்லும் அப்படி இடம் மாறியதுதான். காரைக்குடிக்கு அருகே உள்ள அந்தக் கிராமத்தில் இன்றும் கையால் செய்கிறார்கள். ஒரு சதுரக் கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. சிமெண்டும் நிறப்பொடியும் கரைத்த குழம்பைச் சின்னக் கரண்டியால் அச்சின் அறை ஒவ்வொன்றிலும் ஊற்றுவார்கள், சிவப்பு ஓர் அறையில், மஞ்சள் அடுத்ததில். அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை கொஞ்சம் அசைந்தால் நிறம் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர் தூளைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டி, ஒரு நாள் காயவிட்டுப் பிறகு தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சூளை கிடையாது. கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் இறங்கியிருக்கும். நடக்க நடக்க மெருகு ஏறும். சமையலறைத் தரைக்கு இது அருமையான தேர்வு. அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லத்தான் வேண்டும். இது சிமெண்ட். எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும், புளிக்கு வெளுக்கும். கடப்பாவோடு நடந்த அதே சண்டை. அந்த இரண்டடியை மெருகு டைல்ஸுக்கு விட்டுவிட்டு, பூக்கல்லைக் காலடியிலோ எதிர்ச் சுவரிலோ வைப்பவர்கள் பத்து வருடம் கழித்தும் வருந்துவதில்லை.

நிறத்துக்கும் கல்லுக்கும் இத்தனை யோசிக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது உயரத்தை. மேலைநாட்டுச் சமையல் மேடைக்கு 36 அங்குலம் என்பது பொது அளவு. மாடுலர் கடைகளில் பலவும் அதை ஒட்டியே செய்கின்றன. உள்ளூர்க் கொத்தனார் கைப்பழக்கமாக 32, 33 அங்குலத்தில் நூல் கட்டுவார். தமிழ்நாட்டுப் பெண்களின் சராசரி உயரமோ ஐந்தடியை ஒட்டியது. மேடையின் மேல் அடுப்பு ஒரு நாலைந்து அங்குலம், அதன் மேல் குக்கர் என்று சேர்த்தால், தோளைத் தூக்கிக்கொண்டு எட்டி எட்டிக் கிண்ட வேண்டியதாகிறது. தரையில் குனிந்த முதுகுக்குக் கிடைத்த விடுதலை தோள்பட்டையில் வலியாகத் திரும்பி வருகிறது. நறுக்கும் இடத்தை ஒரு மட்டத்திலும், அடுப்பு வைக்கும் இடத்தை அதைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்த்தியும் கட்டினால் சரியாகிவிடும். அந்த இறக்கத்தில் கல்லை மாற்றிப் போட்டால் எங்கே நெருப்பு, எங்கே கத்தி என்பது தானாகத் தெரியும். மேடையைத் தாழ்த்தும் வீட்டில் சிலிண்டரை மேடையடியில் திணிக்க முடியாமல் போகலாம். அப்போது அதன் இடத்தை, அடுப்பைவிடத் தாழ்ந்த மட்டத்திலேயே இருக்கும்படி, ஏஜென்சியின் மெக்கானிக்கிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். இதற்குச் செலவு பெரிதாக ஏறாது. செங்கல் வரிசையில் ஒன்று குறையும், கல்லில் ஒரு வெட்டு கூடும். கல் போடுவதற்கு முன்தினம், சமைக்கப் போகிறவரைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கை மடங்கும் இடத்திலிருந்து ஒரு சாண் கீழே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் போட்டுக் கொடுப்பார். சொல்லாத வீட்டில் அவர் கை 33 அங்குலத்துக்கே போகும்.